பந்தய மாட்டை எப்போது நிறுத்துவது?

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒட்டப்பிடாரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு மாடு வைத்திருக்கிற வீடுகளில், ஆடி மாதக் கோவில் கொடைகள் ஓய்ந்ததும் ஒரு பேச்சு கிளம்பும். ஜோடியில் ஒன்றுக்கு வயதாகிவிட்டது. வருகிற தைக்கும் அதைப் பூட்டுவதா, இத்தோடு நிறுத்துவதா? மகன், இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்பான். அம்மா, போன வருஷமே நிறுத்தியிருக்கணும் என்பாள். வண்டி ஓட்டுகிறவர் தன் கையில் வேறு ஜோடி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒன்று சொல்வார். எப்படியோ மோப்பம் பிடித்து வந்த தரகர், "இப்பவே தள்ளிருங்க அண்ணாச்சி, அடுத்த வருஷம் இந்த வெலை நிக்காது" என்பார்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வழியைச் சொல்கிறார்கள். அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பரிசுக் கொடியும் பணமும் வாங்கியதா இல்லையா என்பதை வைத்து மாட்டை நிறுத்தக் கூடாது. பந்தயத்துக்கு மறுநாள் காலையில் அது தொழுவத்தில் எப்படி இருக்கிறது என்பதை வைத்து நிறுத்த வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் பரிசு நின்றுபோவதற்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ முன்பே மறுநாள் காலை பேசத் தொடங்கிவிடும்.

குதிரைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு வசதி உண்டு. பெங்களூர் மாதிரி ஊர்களின் குதிரைப் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, அதற்கேற்ற வகுப்பில்தான் ஓட விடுவார்கள். வயதாகித் தோற்கத் தொடங்கினால் மதிப்பெண் இறங்கும். அப்புறம் அது கீழ் வகுப்பில், தன்னைப் போல மெதுவான குதிரைகளோடு ஓடும். ஒரே பந்தயத்துக்குள்ளும் மதிப்பெண் குறைந்த குதிரையின் முதுகில் ஏற்றுகிற எடை குறைவாக இருக்கும். குதிரை தளர்கிறது என்பது எண்ணாகவே உடையவன் கைக்கு வந்துவிடுகிறது. இங்கே பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பதெல்லாம் உருவத்தை வைத்து. பெரிய மாடாக வளர்ந்தது பத்து வயதிலும் பெரிய மாடுதான், அன்றைக்குத்தான் பல் நிறைந்த காளைகளோடுதான் அது ஓடியாக வேண்டும். கீழே இறங்கிக்கொள்ளப் படி கிடையாது. அதனால் முடிவு முழுக்க வீட்டுக்காரன் தலையில்.

தூரமும் வேறு. கொங்குப் பக்கத்து ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்ப்பாதையில் விட்டு, கடிகாரம் வைத்து நேரம் எடுப்பார்கள். அங்கே வேகம் போனால் எல்லாம் போயிற்று, யாரும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. நம் பக்கம் பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல், 10 மைல் என்று நோட்டீஸில் போட்டு, தார் ரோட்டில் ஓட விடுகிறோம். இங்கே தெம்பும் பழக்கமும் சேர்ந்து ஓடுகின்றன. தெம்பு குறைந்த மாட்டைப் பழக்கம் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். எங்கே திரும்ப வேண்டும், எங்கே கூட்டம் கத்தும், பக்கத்தில் வருகிற பைக்குக்கு மிரள வேண்டியதில்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதனாலேயே நம் மாடுகளின் முதுமையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். போகும்போது முன்னால் போய்விடும். திரும்பி வருகையில் கடைசி ஒன்றிரண்டு மைலில்தான் குட்டு வெளிப்படும். அதற்கும் வண்டி ஓட்டியவரைக் குறை சொல்லி முடித்துவிடுவோம்.

பல்லும் வயதும்

வயதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் எடை போட முடியாது. வீட்டில் பிறந்த கன்று என்றால் பிரச்சினை இல்லை. வாங்கிய மாடு என்றால் பல்லைத்தான் நம்ப வேண்டும். மாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும், மொத்தம் எட்டு. மேலே கெட்டியான ஈறுதான். ஏறக்குறைய 2 வயதுக்கு மேல் பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் வரும். அப்புறம் நாலு பல், ஆறு பல் என்று ஏறி, 5 வயதை ஒட்டி எட்டும் நிறைந்துவிடும். அதுவரை பல் சொல்வது கணக்கு. அதற்குப் பிறகு பல் சொல்வது ஊகம். விளிம்பு தேய்ந்து மட்டமாவது, பல் குட்டையாவது, நடுவில் இடைவெளி விழுவது என்று பார்த்து ஏழு, ஒன்பது, பதினொன்று என்று சொல்கிறோம். கரிசல் மண் ஒட்டிய தட்டையை மென்று வளர்ந்த மாட்டுக்கும், புண்ணாக்கும் தவிடும் கரைத்த தண்ணீரில் வளர்ந்த மாட்டுக்கும் தேய்மானம் ஒன்றாக இருக்காது. விற்கிறவர் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டு மாடு உழவுக்கும் வண்டிக்கும் 10, 12 வயது வரை உழைக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபதை ஒட்டியும் உயிரோடு இருக்கும். பந்தயக் குதிரையும் அப்படித்தான், 2 வயதில் ஓடத் தொடங்குகிற குதிரை 25 வயது வரை வாழக் கூடியது. அதாவது பல் நிறைந்து ஓடத் தொடங்கிய மாட்டை ஒன்பதில் நிறுத்தினால், அது ஓடிய காலத்தைவிட நிற்கப் போகிற காலம் அதிகம். நிறுத்துவது பற்றிப் பேசுகிற பலரும் கடைசிப் பந்தயம் வரைதான் யோசிக்கிறார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷத் தீவனம் இருக்கிறது. எந்தக் காலோடு அந்தப் பத்து வருஷத்துக்குள் அது நுழைகிறது என்பதும் இருக்கிறது.

இன்னும் ஒரு வருஷம்

இந்த வழியைக் கேலி செய்வது சுலபம். பேராசை என்று சொல்லிவிடலாம். ஆனால் இதில் நியாயம் உண்டு. பழகிய மாடு இருக்கிற ஜோடிதான் ஜோடி. புதுசாக ஒன்றை வாங்கினால் உயரம் பார்க்க வேண்டும், எட்டு வைக்கும் அளவு பார்க்க வேண்டும், சுழி பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் நிற்பார்கள். இதெல்லாம் பொருந்தினாலும் இரண்டும் ஒரே வேகத்துக்கு வருவதற்குள் ஒரு பருவம் போய்விடும். பந்தய மாட்டின் விலை லட்சக்கணக்கில் இருக்கிற காலத்தில், இருக்கிறதை இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று ஒருவன் நினைப்பதில் தப்பில்லை.

ஆனால் இந்த ஒரு வருஷத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதலில் அந்த மாட்டின் கால். மூட்டுக்குள் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. தேய்ந்தால் புதுசாக வளர்ந்து நிரம்பாது. தசைநார் கிழிந்தால் ஆறும், ஆனால் பழைய நாராக ஆறாது, தழும்பாகத்தான் ஆறும். அந்தத் தழும்புக்குப் பழைய இழுவை இருக்காது, அந்த இடத்தை ஒட்டியே மறுபடி கிழியும். குதிரைகளில் இதை நிறையப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். தார் ரோட்டில் லாடத்தோடு ஓடுகிற மாட்டின் கால் மட்டும் வேறு விதமாக ஆறப் போவதில்லை.

இரண்டாவது விலையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதைக் கொடுப்பது பக்கத்தில் பூட்டியிருக்கும் இளம் மாடு. நுகத்தில் இரண்டும் சேர்ந்துதான் இழுக்கின்றன. வலப்பக்கத்து மாடு அரை எட்டுப் பின்தங்கினால் நுகத்தடி சாயும். பாரம் இடப்பக்கத்து மாட்டின் கழுத்துக்குப் போகும். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் தடித்து, புண்ணாகி, காய்ப்புக் காய்க்கும். அதைவிட மோசம், அந்த இளம் மாடு கோணலாக இழுக்கப் பழகிவிடும். உடம்பை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே ஓடும். நாளைக்கு அதற்குச் சரியான துணை கொண்டுவந்து பூட்டினாலும் அந்தப் பழக்கம் லேசில் போகாது. வயதான செவலை மாட்டை ஒரு வருஷம் கூடுதலாக ஓட்டி, நல்ல இளம் மயிலை மாட்டைக் கெடுத்துக்கொண்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. மாடு வாங்க வருகிறவர்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பது சும்மா இல்லை.

அப்புறம் ஊசி. வயதான மாட்டை "இந்தப் பந்தயத்துக்கு மட்டும்" ஓட வைக்க வலிநிவாரணி போடுகிற பழக்கம் பற்றி எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். வலி என்பது மாடு தன் காலைத் தானே காப்பாற்றிக்கொள்கிற வழி. அதை மறைத்துவிட்டு 8 மைல் ஓட்டினால் எந்தக் காலை அது பத்திரமாக வைத்திருந்ததோ அதே காலைப் போட்டு மிதிக்கும். மருத்துவர் எழுதிக் கொடுக்கிற வலி மருந்து ஓய்வோடு சேர்த்துக் கொடுப்பதற்கு, ஓட்டத்தோடு சேர்த்துக் கொடுப்பதற்கல்ல. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து என்றால் கேட்கவே வேண்டாம். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் அந்த மருந்தால் கூட்டம் கூட்டமாக அழிந்ததால் 2006-இலேயே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். மனிதர்களுக்கு விற்கிறதை வாங்கி வந்து மாட்டுக்குப் போடுவதும் அதே குற்றம்தான்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வயதாலோ நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியில்லாமல் போன விலங்கை வேலைக்கு வைப்பதையே கொடுமை என்கிறது. அடித்தால்தான் குற்றம் என்றில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்துத்தான் நிறுத்தியது. 2017-இல் ஜல்லிக்கட்டை அனுமதித்துத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று சொன்ன பிறகுதான் ஜல்லிக்கட்டுக்காரர்கள் மூச்சு விட்டார்கள். நொண்டுகிற கிழ மாட்டை நாலு பேர் செல்போனில் படம் எடுக்கிற ரோட்டில் ஓட்டுகிறவர், தன் மாட்டை மட்டும் பணயம் வைக்கவில்லை.

பாதி ஓய்வு

நிறுத்தவும் மனசில்லை, ஓட்டவும் பயம் என்கிறவர்கள் சொல்வது இது: "ஊர்க்கொடைக்கு மட்டும் பூட்டுவோம், வெளியூர் போக வேண்டாம்." கேட்க நன்றாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஓட்டம், மாடும் சந்தோஷமாக இருக்கும், வீடும் சந்தோஷமாக இருக்கும்.

எனக்கு இந்த வழியில் நம்பிக்கையே இல்லை. தொடர்ந்து பழக்கத்தில் இருக்கிற மாட்டைவிட, மாதக்கணக்கில் சும்மா நின்றுவிட்டுத் திடீரென்று முழுத் தூரம் ஓடுகிற மாட்டுக்குத்தான் அடிபடும். தசை, நார், குளம்பு, மூச்சு எதுவும் ஒரே வாரத்தில் தயாராகாது. சரி, பழக்கத்தை விடாமல் வைத்திருக்கலாமே என்றால், அப்புறம் எதில் ஓய்வு? இன்னொன்றும் உண்டு. வெளியூரில் தோற்றால் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். சொந்த ஊரில், சம்பந்தக்காரர்கள் எல்லாம் ரோட்டு ஓரம் நிற்கும்போது, கடைசி மைலில் சாட்டையை யாரும் சும்மா வைத்திருப்பதில்லை. மாட்டை மிக அதிகமாக விரட்டுகிற பந்தயம் ஊர்க்கொடைப் பந்தயம்தான். அதற்காக மட்டும் கிழ மாட்டை வைத்திருப்பது சரியான ஏற்பாடு ஆகாது. கொடைக்கு அதைக் கழுவி, கொம்பில் பூச்சுற்றி, வண்டி இல்லாமல் கோவிலுக்குப் பிடித்துப் போகலாம். மரியாதை அதிலும் குறையாது.

விற்பது

தரகர் சொல்வது கணக்குப்படி சரி. ஓடுகிற மாட்டுக்குப் பந்தய விலை. நொண்டிய மாட்டுக்குக் கறி விலை. நடுவில் படிப்படியாக இறங்குவதில்லை, ஒரே நாளில் விழும். அதனால் இன்னும் ஓடும்போதே விற்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் சொல்வதை மறுக்க முடியாது. கடனில் இருக்கிற வீட்டுக்கு, மகள் கல்யாணம் பார்க்கிற வீட்டுக்கு அந்தப் பணம் பெரிய பணம். அவர்களைப் பார்த்து நீங்கள் மாட்டை விற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் அதை ஓய்வு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இன்னொரு பந்தயக்காரருக்கு விற்றால், "இன்னும் ஒரு வருஷம்" என்ற அதே வழியைத்தான் வேறு ஒருவர் கையில் கொடுக்கிறோம். அதுவும் அந்த மாட்டின் எந்தக் கால் மழைக்காலத்தில் பிடிக்கும் என்று தெரியாத ஒருவர் கையில். அவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், அதனால் நாம் ஓட்டியதைவிடக் கடுமையாக ஓட்டுவார்.

சந்தைக்குக் கொண்டுபோவது வேறு கதை. திருநெல்வேலி மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்கு ஏற்றினால் அது எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், 10 வயதுக்கு மேற்பட்டு வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாமல் போன மாட்டை அதற்குரிய சான்றிதழோடு வெட்ட அனுமதிக்கிறது. சட்டப்படி குற்றமில்லை. அது வேண்டாம் என்று நினைக்கிறவர், வீட்டு வாசலில் வந்து கேட்கிற ஆளுக்கு, அவர் யார், எந்த ஊர், என்ன வேலைக்கு என்று விசாரிக்காமல் கயிற்றை மாற்றக் கூடாது. "வளர்க்கத்தான் கேக்கேன் மாமா" என்று வருகிற எல்லாரும் வளர்க்கிறவர்கள் இல்லை.

தெரிந்த சம்சாரிக்கு, பந்தய விலையில் பாதிக்கும் குறைவாக, உழவுக்கென்று கொடுப்பது இதில் நல்ல வகை. அப்படி வாங்குகிற ஆள் இப்போது அரிது. எல்லாரிடமும் டிராக்டர்.

வீட்டில் வைத்துக்கொள்வது

இதிலும் இரண்டு வகை. சும்மா கட்டிப் போடுவது ஒன்று, வேலையை மாற்றுவது இன்னொன்று.

சும்மா கட்டிப் போடுவதைப் பாசம் என்று நினைக்கிறோம். ஓடிப் பழகிய மாட்டைத் தொழுவத்தில் ஒரே முளையில் கட்டினால் மூட்டு இறுகும், குளம்பு தேயாமல் நீண்டு வளையும், உடம்பு தடித்துக் காலில் பாரம் கூடும். சில மாடுகள் தீவனத்தை ஒதுக்கும். சில, பந்தயத்துக்கு வண்டி இறங்குகிற சத்தம் கேட்டால் கயிற்றை முறுக்கிக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்துவிட்டு "அதுக்கே ஆசை இருக்கு பாரு" என்று திரும்பவும் பூட்டுகிறவர்கள் உண்டு. அது ஆசையா, பழக்கமா, பயமா என்று யாருக்குத் தெரியும்? கூடப் பூட்டிய மாடு தன்னை விட்டுவிட்டுப் போகிறதே என்று கத்துவதாகக்கூட இருக்கலாம்.

வேலையை மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. பழகிய மாட்டுக்கு ஊரில் இன்னும் ஒரு வேலை காத்திருக்கிறது, இளங்கன்றைப் பழக்குவது. இரண்டு பல், நாலு பல் போட்ட கன்றைப் புதுசாக நுகத்துக்குக் கொண்டுவரும்போது பக்கத்தில் நிதானமான மாடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கன்று மிரண்டு இழுத்தாலும் மூத்தது அசையாது. நில் என்றால் நிற்கும், திரும்பு என்றால் திரும்பும், கன்று வேறு வழியில்லாமல் கற்றுக்கொள்ளும். வெறும் வண்டி, மண் ரோடு, நடை வேகம், அதுவும் காலை வெயில் ஏறுவதற்குள். இதில் மூத்த மாட்டுக்குக் கெடுதல் எதுவும் இல்லை, உடம்பு இறுகாமலும் இருக்கும். ஒரு நிபந்தனை, கன்று ஓடத் தொடங்கியதும் மூத்ததை அவிழ்த்துவிட வேண்டும். ஓட்டப் பழக்கத்துக்கும் அதையே பூட்டினால் மறுபடி பந்தயம்தான்.

மானாவாரிக் காடு வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பருத்தியோ உளுந்தோ போட்ட காட்டில் செடி எழுந்த பிறகு வரிசைக்கு நடுவே டிராக்டர் இறங்காது. அங்கே மாட்டு ஏர் இன்னும் ஓடுகிறது. பந்தய மாடு அந்த மெதுவான நடைக்கு முதலில் வராது, பொறுமை வேண்டும். கரிசல் ஈரமாக இருக்கும்போது மட்டும் இறக்கக் கூடாது. ஒட்டுகிற மண்ணில் காலைப் பிடுங்கி வைப்பது தேய்ந்த மூட்டுக்கு ஓட்டத்தைவிடக் கஷ்டம்.

கோவிலுக்கு விடுவது, கோசாலைக்குக் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடுப்பதற்கு முன் அங்கே ஏற்கெனவே இருக்கிற மாடுகளின் விலாவைப் பாருங்கள். எலும்பு எண்ண முடிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மறுநாள் காலை

இனி, எப்போது என்ற கேள்வி. பந்தயம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் தீவனம் வைப்பதற்கு முன், மாடு படுத்திருக்கும்போதே போய் நிற்க வேண்டும். அது எழுவதைப் பார்க்க வேண்டும். மாடு முன்னங்கால் முட்டியை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். குதிரை அப்படியே தலைகீழ், முன்னங்கால்களை நீட்டி முன்பக்கத்தை முதலில் தூக்கும். ஒரு மாடு குதிரை மாதிரி எழப் பார்த்தாலோ, பாதி எழுந்து மறுபடி படுத்தாலோ இடுப்பிலோ பின்னங்காலிலோ வலி இருக்கிறது. முட்டியில் நின்றுகொண்டே வெகுநேரம் யோசித்தால் முன்னங்காலைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அசை. நல்ல மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். வலியும் களைப்பும் உள்ள மாடு முதலில் விடுவது இதைத்தான். பந்தயம் முடிந்த அன்று மாலையே அசை போடுகிற மாடு, இந்த வருஷம் மறுநாள் மதியம் வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறது என்றால், அது கொடி வாங்கியிருந்தாலும் எனக்குக் கவலைதான். பிறகு நாலு காலையும் கையால் தடவிப் பார்ப்பது. முட்டிக்குக் கீழே ஒரு காலில் மட்டும் சூடும் வீக்கமும் இருந்தால் நார். இரண்டு காலிலும் ஒரே மாதிரி லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் களைப்பு, நடக்க நடக்க வடியும். லாடம் கட்டுகிறவரிடம் கேளுங்கள், அவர் கண்ணுக்கு நம் கண்ணைவிட அதிகம் தெரியும். ஒரு காலின் லாடம் மட்டும் முன்நுனியில் தேய்ந்திருந்தால் அந்தக் காலை மாடு இழுத்து இழுத்து வைக்கிறது. ஓட்டம் முடிந்ததும் வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சு வாங்குகிற மாட்டுக்கு நிழலும் தண்ணீரும் கொடுத்து, விலா ஏறி இறங்குவது அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளலாம்.

இதில் எதற்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு மாட்டை அடுத்த வீட்டு மாட்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை, அதன் போன வருஷத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். தீவனக் கணக்கு எழுதுகிற அதே நோட்டில் பந்தயத் தேதி, தூரம், எப்போது அசை போட்டது, எழுந்ததில் சுணக்கம் உண்டா என்று நாலு வரி போதும். தொடர்ந்து இரண்டு பந்தயத்துக்குப் பிறகு பழைய நிலைக்கு வர நாள் கூடிக்கொண்டே போனால் அந்தப் பருவத்தின் நடுவிலேயே நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். இன்னும் எத்தனை ஊரில் பணம் கட்டியிருந்தாலும் சரி. சந்தேகம் இருந்தால் திருநெல்வேலி பக்கம் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டலாம். மாட்டை ஏற்ற முடியாத நிலை என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

முடிவு எடுக்கிற மாதமும் முக்கியம். நிறைய வீடுகளில் மார்கழி வரை பேசாமல் இருந்துவிட்டு, தைப் பந்தய நோட்டீஸ் வந்த பிறகு யோசிப்பார்கள். அப்போது கையில் வேறு மாடு இருக்காது, பழைய மாட்டைப் பூட்டுவதைத் தவிர வழியும் இருக்காது. அந்த வீட்டில் முடிவு எடுக்கவில்லை, முடிவுதான் அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஆவணி, புரட்டாசியில் தீர்மானித்தால் துணை தேட நாள் இருக்கும், மூத்ததையும் இளையதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டவும் நேரம் இருக்கும். வருஷக்கணக்கில் ஒரே காடியில் தின்ற மாடுகளை ஒரே நாளில் பிரித்தால் இரண்டும் இளைக்கும். முதலில் பார்வை படுகிற தூரத்தில் தள்ளிக் கட்டி, பிறகு புதுசை நடுவில் கொண்டுவர வேண்டும். ஒன்றுக்கு வயதானதற்காக இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டியதில்லை. இளையது ஆறேழு வயதில் நல்ல காலோடு இருந்தால் அதற்கு வேறு துணை சேர்க்கலாம். சேரவே மறுக்கிற மாடுகளும் உண்டு, அப்போது இரண்டையும் நிறுத்துவது தவிர வழியில்லை.

நிறுத்திய பிறகு தீவனத்தைக் கவனிக்க வேண்டும். பருத்திக்கொட்டை, காணம் என்கிற கொள்ளு, உளுந்தம் பொட்டு, பேரீச்சம்பழம், முட்டை என்று பந்தயத்துக்கு ஏற்றிய தீவனத்தை ஓட்டம் இல்லாத மாட்டுக்கு அப்படியே வைத்தால் வயிறு புளிக்கும், குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்கவே முடியாமல் போகும். பாவம், ஓடிய மாடாயிற்றே என்று அள்ளி வைக்கிற வீட்டில்தான் இது நடக்கிறது. ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, வயிறு பழகியிருக்கிறது. மூன்று நாலு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, சோளத்தட்டையும் வைக்கோலும் பசும்புல்லும் முக்கால்வாசியாகக் கொண்டுவந்து, தவிடு ஒரு வேளைக்குப் போதும் என்று நிறுத்தலாம். லாடத்தைக் கழற்றிவிட்டு, குளம்பை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீவச் சொல்லுங்கள். காலையும் மாலையும் குளம் வரை நடத்திக் கூட்டிப்போய் வந்தால் போதும்.